ரோலண்ட் காரோஸும் அவரைப் போன்றவர்களும்: பந்தயக் களத்திலிருந்து போர் வானத்துக்கு

பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் நடக்கும் பாரிஸ் அரங்கத்துக்கு ஏன் ஒரு விமானியின் பெயரை வைத்தார்கள், அந்தக் காலத்தில் விளையாட்டிலும் போர் விமானத்திலும் ஒருசேரப் பெயர் பெற்றவர்கள் வேறு யாரேனும் இருந்தார்களா என்பது கேள்வி. முதல் பாதிக்கு விடை சுருக்கமானது. இரண்டாம் பாதியைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1914-க்கு முந்தைய ஐரோப்பாவில் விமானம் ஓட்டுவது முதன்மையாக ஒரு விளையாட்டாகவே இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டோம்.

ரோலண்ட் காரோஸ் பொழுதுபோக்காக டென்னிஸ் ஆடியவர்தான், ஆனால் அந்த ஆட்டத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. முதல் உலகப் போர் முடிவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு, 1918 அக்டோபர் 5 அன்று, தமது முப்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், வடகிழக்கு பிரான்சில் வூசியே என்ற ஊருக்கு அருகே நடந்த வான்சண்டையில் அவர் சுட்டு வீழ்த்தப்பட்டார். 1927-இல் அமெரிக்க மண்ணிலேயே அமெரிக்காவைத் தோற்கடித்து டேவிஸ் கோப்பையைப் பிரெஞ்சு அணி வென்றுவந்தபோது, மறுஆண்டு அந்தக் கோப்பையைத் தற்காக்கும் ஆட்டங்களைச் சொந்த ஊரில் நடத்தப் பெரிய அரங்கம் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு நிலம் தர முன்வந்தது ஸ்டாட் பிரான்சே என்ற விளையாட்டுக் கழகம். அதன் தலைவராக இருந்த எமில் லெசியர், ரக்பி ஆட்டத்தில் பிரான்சுக்காக ஆடியவர், காரோஸின் கல்லூரித் தோழர். தம் நண்பர் பெயரை அரங்கத்துக்குச் சூட்ட வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். நட்புக்காக வைத்த பெயர் அது. 1928 முதல் இன்றுவரை நிலைத்துவிட்டது.

காரோஸ் பிறந்தது பிரான்சில் அல்ல, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் தலைநகரான சென் தெனியில், 1888 அக்டோபர் 6 அன்று. கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் பெருந்தொகையாக வாழும் தீவு அது. இன்று அங்குள்ள விமான நிலையம் காரோஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தந்தை வழக்கறிஞர். காரோஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சைகோனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து படிப்புக்காகத் தனியே பாரிசுக்கு அனுப்பப்பட்ட பையனுக்கு நுரையீரல் காய்ச்சல் வந்து, வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் பெயர்போன கான் நகரத்துக்கு அவனை மாற்றினார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்ள அவன் கையிலெடுத்தது சைக்கிள். மகன் பந்தயம் ஓட்டுவது தந்தைக்குப் பிடிக்காது என்பதால், ரோலண்ட் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி 'தான்லோர்' என்ற புனைபெயரில் பதிவுசெய்துகொண்டு, 1906-இல் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கிடையிலான சைக்கிள் சாம்பியன் பட்டத்தை வென்றான். கால்பந்தும் ஆடினான், பின்னர் ரக்பிக்கும் போனான். வணிகக் கல்லூரிப் படிப்பை முடித்ததும் பாரிசில் சொந்தமாகக் கார் விற்பனை நிலையம் திறந்தார் இளைஞர் காரோஸ். வீட்டிலிருந்து பணம் வராத ஒருவர் இருபத்தொரு வயதுக்குள் அந்த நிலைக்கு வந்தார் என்பது அவருடைய குணத்தைக் காட்டுகிறது.

1909 ஆகஸ்டில் ரீம்ஸ் நகருக்கு வெளியே ஒரு வாரம் நடந்த விமானப் போட்டியை அவர் பார்க்கப் போனார். உலகின் முதல் பெரிய விமானப் போட்டி அது. அங்கே வென்றவர்கள் யார் என்று பார்த்தாலே நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தொலைவுக்கான பரிசை வென்ற ஆன்ரி பார்மன் சைக்கிள் சாம்பியனாகத் தொடங்கிக் கார் பந்தயங்களில் பெயர் எடுத்து அதன் பிறகே விமானத்துக்கு வந்தவர்; 1908 ஜனவரியில் ஐரோப்பாவில் முதன்முதலாக ஒரு கிலோமீட்டர் சுற்றை வானில் சுற்றிவந்து பரிசு பெற்றவரும் அவரே. வேகத்துக்கான கோப்பையை வென்ற அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ் முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். இவர்கள் எல்லோருக்கும் முன்னோடிகளான ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தது எல்லோரும் அறிந்ததே.

இது தற்செயல் அன்று. அன்றைய விமானம் எஃகுக் குழாய், இழுத்துக் கட்டிய கம்பி, சங்கிலி, இலேசான சக்கரம் என்று சைக்கிள் தொழிலிலிருந்து பாதியையும், எடை குறைந்த பெட்ரோல் இயந்திரம் என்று கார் பந்தயத்திலிருந்து மீதியையும் வாங்கிக்கொண்டு பிறந்த பொருள். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் அப்போதுதான் தலைதூக்கியிருந்தன, அரசுகளின் ஆர்வமும் அரைகுறையாகவே இருந்தது. பணம் தந்தவை பத்திரிகைகள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1903-இல் தொடங்கியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. அதே வழியில் பாரிசின் நாளேடுகள் ஊர்விட்டு ஊர் பறக்கும் பந்தயங்களை நடத்திப் பெரும்பரிசுகளை அறிவித்தன. 1909 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோவுக்கு ஆயிரம் பவுன் கொடுத்ததும் லண்டன் நாளேடு ஒன்றுதான். எனவே துணிவும் உடற்பயிற்சியும் இயந்திர அறிவும் பரிசுப்பணத்தின் தேவையும் ஒன்றாக அமைந்த இளைஞர்கள், அதாவது பந்தயக்காரர்கள், இயல்பாகவே அந்தப் பக்கம் போனார்கள்.

என் கணிப்பில் இவர்களை இணைத்தது துணிச்சலைவிடக் காதுதான். அக்காலத்து 'நோம்' வகைச் சுழல் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். அதில் நடுத்தண்டு அசையாமல் நிற்க, அதைச் சுற்றியுள்ள சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். உராய்வைக் குறைக்க ஊற்றியது ஆமணக்கெண்ணெய். எரியாத எண்ணெய் பின்னால் தெறித்து விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் படியும், அதன் புகையை மணிக்கணக்கில் சுவாசிக்க வேண்டும். நம் காரில் இருப்பதுபோல வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அந்த இயந்திரத்தில் பெயரளவுக்குத்தான். இறங்கும்போது பொத்தானை அழுத்தி மின்பொறியை விட்டுவிட்டு அணைத்துத்தான் சமாளிக்க வேண்டும். முன்னே அளவுகாட்டும் கருவிகள் ஒன்றிரண்டே இருக்கும். இயந்திரம் நலமாக இருக்கிறதா என்பதை ஓசையிலிருந்தும் இருக்கையின் அதிர்விலிருந்துமே அறிய வேண்டும். பந்தயச் சைக்கிளையும் காரையும் தானே கழற்றிப் பூட்டிப் பழகியவனுக்கு அந்தக் கவனம் ஏற்கெனவே கைவந்திருந்தது.

காரோஸ், பிரேசில் நாட்டு விமான முன்னோடியான சாந்தோஸ் துய்மோன் வடிவமைத்த 'தெமுவாசெல்' என்ற சின்னஞ்சிறு விமானத்தை வாங்கி ஏறக்குறையத் தாமாகவே பறக்கப் பழகி, 1910 ஜூலையில் உரிமம் பெற்றார். அதன்பின் ஒரு சாகசக் குழுவோடு அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகக் காட்சிப் பறப்பு நடத்தினார். 1911-இல் பாரிஸிலிருந்து ரோம் வரை நடந்த பந்தயத்தில் இரண்டாவது, ஐரோப்பியச் சுற்றுப் பந்தயத்திலும் இரண்டாவது; இரண்டிலும் அவரை முந்தியவர் போமோன் என்ற புனைபெயரில் பறந்த கடற்படை அதிகாரி. எப்போதும் இரண்டாமவர் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளப் பார்த்த வேளையில், 1912 ஜூனில் ஆஞ்சே சுற்றுப் பந்தயத்தில் காற்றும் மழையும் அடித்து மற்றவர்கள் பின்வாங்கியபோது அவர் தொடர்ந்து பறந்து முதற்பரிசைத் தட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் துனிசில் 5,610 மீட்டர் உயரம் ஏறி உலகச் சாதனை படைத்தார். மூடப்படாத இருக்கையில், பனிக்குளிரில் ஏறிய உயரம் அது.

ஆனால் அவர் பெயர் நிலைக்க வேண்டியது 1913 செப்டம்பர் 23-க்காகத்தான். அன்று விடியற்காலையில் பிரான்சின் தென்கரையில் பிரெஜூசிலிருந்து கிளம்பி, மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் கடந்து, துனிசியாவின் பிசெர்த் நகரில் அவர் இறங்கினார். பறந்த நேரம் 7 மணி 53 நிமிடம். தொலைவு 700 கிலோமீட்டருக்கும் மேல். அவருடைய மொரான்-சொல்னியே விமானம் சக்கரம் வைத்தது, நீரில் மிதக்கும் வகையன்று. வானொலி இல்லை, பாராசூட் இல்லை. திசைகாட்டியும் சூரியனும்தான் வழித்துணை. கோர்சிகாத் தீவை நெருங்கும்போது இயந்திரத்திலிருந்து உலோகம் மோதும் ஓசை கேட்டது, ஏதோ ஒரு துண்டு உடைந்து தெறித்தது, இயந்திரம் சற்றுத் தடுமாறியது. பிறகு மெல்ல மெல்ல ஓட்டம் சீரானது. கீழே தீவு இருந்தது, இறங்கியிருக்கலாம். அவர் ஓசையைக் கேட்டபடியே பறந்து, இயந்திரம் தாங்கும் என்று தீர்மானித்துத் தெற்கே திரும்பினார். எரிபொருள் வாங்கிக்கொள்ள சார்தீனியாவின் காலியரியில் இறங்கலாம் என்ற எண்ணத்தையும் வழியில் கைவிட்டார். பிசெர்த்தில் இறங்கியபோது தொட்டியில் எஞ்சியிருந்தது சுமார் ஐந்து லிட்டர் பெட்ரோல். எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கைவிட இந்த எட்டு மணி நேரமே அவருடைய முழு ஆற்றலையும் காட்டுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போர்க்காலக் கதையில் இரண்டு திருத்தங்கள் அவசியம். முதலாவது, புரொப்பெல்லருக்கு நடுவே சுடும் முறையைக் காரோஸ் தனியே கண்டுபிடித்தார் என்ற கதைக்கு. முன்னோக்கிப் பறந்தபடியே முன்னோக்கிச் சுட வேண்டுமானால் தன் விமானத்தின் புரொப்பெல்லர் விசிறியே குறுக்கே நிற்கிறது என்பதுதான் 1914-இல் எல்லாப் படைகளுக்கும் இருந்த சிக்கல். அவருடைய விமானத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரேமோன் சொல்னியே, விசிறி வரும்போது துப்பாக்கியை நிறுத்திவைக்கும் பொறியைப் போருக்கு முன்பே முயன்று பார்த்திருந்தார். தோட்டாக்கள் ஒரே சீராக வெடிக்காததால் அது சரிவரவில்லை. எனவே விசிறியின் அலகுகளில் முக்கோண வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தி, படுகிற சில குண்டுகளை ஒதுக்கிவிடும் மாற்றுவழிக்குப் போனார்கள். அதைக் காரோஸும் அவருடைய மெக்கானிக்கும் மேம்படுத்தினார்கள். 1915 ஏப்ரல் 1 அன்று காரோஸ் அதைக் கொண்டு முதல் ஜெர்மானிய விமானத்தை வீழ்த்தினார், அந்த மாதம் 18-ஆம் தேதிக்குள் மேலும் இரண்டு. அன்றைய தினமே பெல்ஜியத்தில் எதிரிப் பகுதியின் மேல் அவருடைய இயந்திரம் நின்றுபோக, இறங்கிய அவர் விமானத்துக்குத் தீவைக்க முயன்றார். முழுதும் எரிவதற்குள் பிடிபட்டார்.

இரண்டாவது திருத்தம், அந்த விமானத்தைப் பார்த்துத்தான் ஜெர்மானியருக்கு விமானம் செய்துகொடுத்த அந்தோனி போக்கர் சில நாட்களில் ஜெர்மானிய முறையைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு. போக்கர் நிறுவனத்தார் செய்தது தகடு ஒட்டுவதன்று. அலகு குறுக்கே வரும்போது துப்பாக்கி சுடாதபடி இயந்திரத்தோடு இணைக்கும் பொறி. அந்த வேலை அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. காரோஸின் விமானம் கைப்பற்றப்பட்டது அந்த வேலையை முடுக்கிவிட்டது என்று சொன்னால் போதுமானது. 1915 கோடையிலிருந்து போக்கரின் ஒற்றை இறக்கை விமானங்கள் நேசநாட்டு விமானிகளுக்கு விளைத்த சேதம் மிகப் பெரிது.

சிறையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். 1918 பிப்ரவரியில், மாக்டபூர்க் முகாமிலிருந்து அன்செல்ம் மார்ஷல் என்ற சக விமானியுடன், தைத்துச் சேர்த்த ஜெர்மானிய அதிகாரி உடையில், இருட்டும் வேளையில் காவலர்களை அதட்டிக்கொண்டே வாயிலைக் கடந்து இருவரும் வெளியேறினார்கள். ஹாலந்து வழியாக நாடு திரும்பினார்கள். காரோஸின் பார்வை மங்கியிருந்தது, ஒருவருக்கும் தெரியாமல் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டார். விமானங்களும் சண்டை முறையும் அடியோடு மாறியிருந்தன. ஒதுங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மீண்டும் பயிற்சி எடுத்துப் போர்முனைக்கே போனார். அவர் வீழ்த்தியதாக உறுதி செய்யப்பட்டவை மொத்தம் நான்கு விமானங்கள். ஐந்து வீழ்த்தியவரையே தலைசிறந்த வான்வீரர் வரிசையில் சேர்ப்பது அன்றைய வழக்கம் என்பதால், அவரை அந்த வரிசையில் சேர்த்து எழுதுவதும் சரியன்று.

இனி மற்றவர்கள். சைக்கிள் ரசிகர்களுக்கு ஒக்தாவ் லாப்பீஸ் பெயர் தெரிந்திருக்கும். பாரிஸ்-ரூபே பந்தயத்தை 1909, 1910, 1911 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1910 டூர் டி பிரான்சில்தான் முதன்முறையாகப் பிரனே மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைப் பாதையில் சேர்த்தார்கள். லுஷோனிலிருந்து பையோன் வரை ஒரே நாளில் 326 கிலோமீட்டர், நடுவே நான்கு பெருங்கணவாய்கள், பாதையோ கல்லும் மண்ணும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே வந்த லாப்பீஸ், அங்கு நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று திட்டினார் என்பது அந்தப் பந்தய வரலாற்றின் மிகப் பிரபலமான தருணம். அன்றைய கட்டத்தையும் வென்றார், நான்கு புள்ளி வித்தியாசத்தில் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றார். போரில் போர்விமானியாகி, 1917 ஜூன் 28 அன்று பிளிரே என்ற ஊருக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜூலை 14 அன்று தூல் மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பட்டியலில் அவர் தனியர் அல்லர். 1909-இல் பட்டம் வென்ற பிரான்சுவா பாபெர் 1915 மே 9 அன்று ஆர்ட்வா போர்முனையில் காலாட்படை வீரராக மாண்டார். அதே நாளில், அங்கிருந்து சற்று வடக்கே நெவ் ஷப்பேலில், விம்பிள்டனைத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்ற நியூசிலாந்துக்காரர் அந்தோனி வில்டிங் குண்டு விழுந்து இறந்தார். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பெரும் பித்துக்கொண்டிருந்த வில்டிங் பணியாற்றியது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு நடத்திய கவசக் கார் படையில்.

கார் பந்தயத்திலிருந்து வந்தவர்களில் ஜார்ஜ் புவாயோவின் கதை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பெஜோ காரில் 1912, 1913 பிரெஞ்சு கிராண்ட் பிரீ இரண்டையும் வென்றவர் அவர். மூன்றாவது முறையாக 1914 ஜூலை 4 அன்று லியோனில் இறங்கினார். ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் கொல்லப்பட்டு ஆறே நாள் ஆகியிருந்தது. ஜெர்மனியின் மெர்சிடஸ் நிறுவனம் ஐந்து கார்களை அனுப்பியிருந்தது. 750 கிலோமீட்டருக்கு நடந்த அந்தப் பந்தயத்தில் புவாயோ தம் காரின் வலுவுக்கு மீறி அதை ஓட்டிப் பெருநேரம் முன்னிலையில் இருந்தார். கடைசிச் சுற்றில் கார் உடைந்து நின்றது. முதல் மூன்று இடங்களையும் மெர்சிடஸ் எடுத்துக்கொண்டது. போர் தொடங்கியதும் அந்த மெர்சிடஸ் கார்களில் லண்டன் காட்சியகத்தில் நின்றிருந்த ஒன்றைப் பறிமுதல் செய்து டெர்பியில் ரோல்ஸ்-ராய்ஸ் பட்டறைக்குக் கொண்டுபோய், விமான இயந்திரம் செய்வதற்காகக் கழற்றி ஆராய்ந்தார்கள். பந்தயமும் போர்விமானமும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. புவாயோ போர்விமானியாகி 1916-இல் வெர்தன் போர்முனையில் பல எதிரி விமானங்களைத் தனியே எதிர்த்து மாண்டார்.

அமெரிக்காவின் எடி ரிக்கன்பேக்கர் இவர்களில் உயிரோடு மீண்டவர். ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில், ஜெர்மன் மொழி பேசிய சுவிஸ் குடும்பத்தில் பிறந்து, தந்தை இறந்ததால் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். கார் பட்டறைகளில் வளர்ந்து இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ஓட்டும் நிலைக்கு உயர்ந்தார். 1917-இல் அமெரிக்கப் படையுடன் பிரான்சுக்குப் போனது கார் ஓட்டுநராக. விமானப் பயிற்சிக்கு இருபத்தைந்து வயது வரம்பு இருந்தது, அவர் அதைத் தாண்டியிருந்தார். இயந்திரம் தெரிந்தவர் என்பதற்காகவே மேலதிகாரிகள் அவரை விடாமல் பட்டறைப் பொறுப்பில் வைத்திருந்தார்கள். அதையும் மீறித்தான் 94-ஆவது படைப்பிரிவுக்குப் போனார். 1918 ஏப்ரல் இறுதியில் முதல் வெற்றி. இடையில் காதில் நோய் வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், வாரக்கணக்கில் பறக்க முடியவில்லை. அப்படியிருந்தும் போர் முடிந்தபோது கணக்கு 26. இரண்டாம் உலகப் போர்வரை எந்த அமெரிக்கரும் அதை எட்டவில்லை. படைப்பிரிவின் தலைமையை ஏற்றவுடன், செப்டம்பர் 25 அன்று, ஏழு ஜெர்மானிய விமானங்களைத் தனியே தாக்கி இரண்டை வீழ்த்தினார். அதற்குத்தான் 1930-இல் அவர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கொடுத்தார்கள். இளையவர்கள் பாய்ந்து முட்டிய இடத்தில் அவர் உயரத்தையும் வெயில் திசையையும் கணக்குப் பார்த்துக் காத்திருந்தார், சாதகம் இல்லையென்றால் விலகினார். இருபத்தேழு வயதில் அவருக்கு இருந்த நிதானம் பந்தயத் தடத்தில் பெற்றது என்பது என் கருத்து. பிற்பாடு 1927-இல் அதே இண்டியானாபொலிஸ் பந்தயத் தடத்தையே விலைக்கு வாங்கி 1945 வரை நடத்தினார்.

இந்த வரிசையில் இந்தியர்கள் இருவரைச் சேர்க்காமல் விட்டால் பதில் முழுமையாகாது. ராவல்பிண்டியில் 1894-இல் பிறந்த ஹர்தித் சிங் மாலிக் பதினான்கு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். ஆக்ஸ்போர்டின் பெலியல் கல்லூரி மாணவர், கோல்ப் ஆட்டத்தில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், 1914-இல் சசெக்ஸ் அணிக்காக முதல்தர கிரிக்கெட் ஆடியவர். போர் வந்ததும் உடன் படித்த ஆங்கில மாணவர்கள் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். இந்தியர் என்பதால் அவருக்குக் கதவு திறக்கவில்லை. பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். அங்கிருந்தபடியே பிரெஞ்சு விமானப் படைக்கு விண்ணப்பிக்க, அவர்கள் ஏற்றுக்கொள்ள ஆயத்தமானார்கள். அதை அறிந்த அவருடைய ஆக்ஸ்போர்டு ஆசிரியர் பிரான்சிஸ் உர்குவார்ட், பிரிட்டிஷ் பேரரசின் குடிமகனைப் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கும்போது நாம் மறுப்பது வெட்கக்கேடு என்ற பொருளில், விமானப் பிரிவின் தலைமையில் இருந்த ஜெனரல் ஹெண்டர்சனுக்கு எழுதினார். 1917 ஏப்ரலில் மாலிக் ராயல் பிளையிங் கோர் என்ற அந்தப் பிரிட்டிஷ் விமானப் பிரிவில் சேர்ந்தார். சீக்கியர் என்பதால் தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன்மேல் அணியும்படி பெரிய தலைக்கவசம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார்.

அவர் ஓட்டியது சோப்வித் கேமல். சுழலும் இயந்திரத்தின் விசையால் அது வலப்பக்கம் சட்டென்று திரும்பும், இடப்பக்கம் முரண்டு பிடிக்கும். பயிற்சியிலேயே பலரைக் கொன்ற விமானம் அது. 28-ஆவது படைப்பிரிவில் அவருக்குத் தலைவராக வாய்த்தவர் கனடாவின் வில்லியம் பார்க்கர். (விக்டோரியா கிராஸ் பெற்ற இந்தப் பார்க்கர்தான் போருக்குப் பின் டொராண்டோ மேப்பிள் லீப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முதல் தலைவராக இருந்தவர்.) 1917 அக்டோபர் 26 அன்று, பறக்கவே உகந்ததல்லாத மழை மேகத்தில் பார்க்கருடன் எதிரிப் பகுதிக்குள் போன மாலிக்கைச் சில ஜெர்மானிய விமானங்கள் சூழ்ந்துகொண்டன. தொட்டியைத் துளைத்த குண்டுகள் அவர் காலில் பாய்ந்தன. கைக்கெட்டிய எதிரியை வீழ்த்திவிட்டு, தரையோடு தரையாகத் தாழப் பறந்து, பின்னாலிருந்து சுட்டுக்கொண்டே வந்தவர்களிடமிருந்து தப்பி, நேசநாட்டு எல்லைக்குள் மோதி இறங்கினார். விமானத்தில் எண்ணிய துளைகள் 400-க்கும் மேல். காலில் தங்கிய குண்டுத் துண்டுகளை எடுக்க முடியவில்லை. அவற்றோடுதான் 1921-இல் மறுபடி சசெக்ஸுக்காகக் கிரிக்கெட் ஆடினார், முதுமை வரை கோல்ப் ஆடினார், ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து சுதந்திர இந்தியாவின் கனடா ஹைகமிஷனராகவும் பிரான்சுக்கான தூதராகவும் பணியாற்றினார். 1985-இல் காலமானார்.

இந்திரலால் ராய்க்கு அவ்வளவு நீண்ட வாழ்வு கிடைக்கவில்லை. கல்கத்தாவில் 1898 டிசம்பரில் பிறந்து லண்டன் செயிண்ட் பால் பள்ளியில் படித்தவர், ரக்பியிலும் நீச்சலிலும் கெட்டிக்காரர். கண்பார்வை போதாது என்று முதலில் தள்ளப்பட்டபோது, தம் மோட்டார் சைக்கிளை விற்று, பேர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது சான்று வாங்கி வந்து சேர்ந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1917 டிசம்பரில் விமானம் நொறுங்கிப் படுகாயமடைந்து, பல மாத மருத்துவத்துக்குப் பின் 1918 கோடையில் 40-ஆவது படைப்பிரிவுடன் திரும்பினார். ஜூலை 6-இலிருந்து 19-க்குள், பதினான்கே நாளில், பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று கார்வென் நகருக்கு மேல் எரிந்து விழுந்தார், வயது பத்தொன்பது. இறந்தபின் அவருக்கு டிஸ்டிங்விஷ்ட் பிளையிங் கிராஸ் வழங்கப்பட்டது. இந்தியர் ஒருவர் பெற்ற முதல் அத்தகைய விருது அது.

இவர்களோடு பறந்த இன்னும் இரு இந்தியர்களில் எரோல் சந்தர் சென் ஜெர்மானியச் சிறையில் இருந்தார், பம்பாயைச் சேர்ந்த வெலிங்கர் போரிலேயே மாண்டார். இத்தனைக்குப் பிறகும் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப் படை இந்தியர்களுக்கு அதிகாரிப் பதவி தருவதை நிறுத்திக்கொண்டது. 1930-இல்தான் முதல் இந்தியப் பயிற்சியாளர்கள் கிரான்வெல் கல்லூரிக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கிருந்து விமானிகளாகத் தேறி, 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப் படை அமைக்கப்பட்டபோது அதில் சேர்ந்த முதல் ஐவரில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. இந்திரலால் ராய் அவருக்கு மாமன்முறை. 1954 ஏப்ரலில் இந்திய விமானப் படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.